எங்கன நின்னு கூப்பிட்டிய?

இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தே எனக்கு வயசாகிவிட்டது. பேனாவை எடுப்பேன். முதல் வரியிலேயே சம்பந்தி வீட்டு முகங்கள் வந்து நிற்கும். மகள் வாழப்போன இடமாயிற்றே, ஆறின புண்ணைக் கீறுவானேன் என்று மூடி வைத்துவிடுவேன். போன தைப்பூசத்துக்கு வந்திருந்தபோது மகளே சொன்னாள்: "எழுதுங்கப்பா. நீங்க எழுதலைன்னா ஊருல சொல்லுததுதான் நெசம்னு ஆயிரும். டீச்சர் பேரை மட்டும் போட்டுராதீங்க."

அதனால் எழுதுகிறேன். நான் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டாதவன். கம்ப்யூட்டர் சமாசாரம் எதிலாவது பிசகு இருந்தால் அது என் மண்டையின் குறை. டீச்சர் எனக்கு விளக்கினது சரியாகத்தான் இருந்தது.

அப்போது வண்ணார்பேட்டையில் எனக்குப் பூஜைச் சாமான் கடை. விபூதி, குங்குமம், சூடம், சாம்பிராணி, விளக்குத் திரி. தொண்ணூறுகளின் கடைசியில் கடைக்கு மேல்மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் வந்தது. அங்கே பாடமும் உண்டு, கம்ப்யூட்டர் ஜாதகமும் உண்டு. முதலாளி நல்ல மனுஷர்தான், ஆனால் அவசரக்காரர். பாடம் நடத்தினதும், ஜாதகம் கணிக்கிற புரோகிராமை எழுதினதும் ஒரு பெண்மணி. கணக்கில் எம்.எஸ்.சி. அந்தத் தெருவுக்கே அவர் டீச்சர். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்பக்கம் பார்க்கும்படி கட்டிக்கொண்டு, யாரையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசுவார். அந்தப் பார்வையே பாதிப் பேரை விரட்டிவிடும். மீதிப் பேரை விரட்டினது அவருடைய கேள்வி.

மாடியில் டெலிபோன் கிடையாது. அவர்களுக்கு வரும் ஃபோன் என் கடைக்குத்தான் வரும். ஒரு தரம் டீச்சரின் வீட்டுக்காரர் பேசினார். டீச்சர் இறங்கி வந்து வாங்கினார்.

"எங்கன நின்னு பேசுதிய?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாரோ.

"இங்கனன்னா? நீங்க நிக்குத இங்கன எனக்கு அங்கன. எந்த ஊரு, எந்தத் தெரு, எந்தக் கடை வாசல்? அதைச் சொல்லுங்க."

அவர் ஜங்ஷனில் ஒரு பழக்கடை வாசலில் நின்றாராம். மனுஷன் குடை மறந்துபோனதைச் சொல்லக் கூப்பிட்டிருக்கிறார்.

இப்படித்தான் எல்லாரிடமும். வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்து ஆற்றுக்குப் போக வழி கேட்டார். நேரே போய் இடது பக்கம் திரும்புங்கள் என்றேன். மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த டீச்சர் நின்றுவிட்டார்.

"எங்கன பாத்து நின்னா இடது, அண்ணாச்சி? அவுக எந்தப் பக்கமா வருவாகன்னு நமக்கு என்ன தெரியும்? பாலத்தைச் சொல்லுங்க. பாலம் திரும்பாது."

வந்தவர் பயந்துபோய், "வழி கேட்டது ஒரு குத்தமா தாயி?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரி டீச்சரைக் கண்டாலே கடைக்குள் ஒதுங்கிக்கொள்வாள். "அந்த அம்மாகிட்ட பேசுனா போலீஸ் ஸ்டேஷன்ல நிக்காப்ல இருக்கு" என்பாள். எனக்கும் உள்ளூர ஒரு கூச்சம்தான். அவர் கேட்கும்போது நாம் ஏதோ மறைக்கிறோம் என்பதுபோல நமக்கே தோன்றிவிடும். ஆனால் அவரிடம் வஞ்சகம் கிடையாது. ஒருநாள் கடையில் கூட்டம் இல்லாத நேரம், "சாமி இங்கனதான டீச்சர் இருக்கு" என்று நான் நெஞ்சைத் தொட்டுச் சொல்லிவிட்டு, ஐயோ கேட்டுவிடப் போகிறாரே என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். டீச்சர் விபூதிப் பொட்டலத்தைப் பைக்குள் வைத்தபடி சொன்னார்: "அந்த ஒரு இங்கனயை நான் கேக்க மாட்டேன் அண்ணாச்சி."

அந்தப் புரோகிராமை எழுதின கணினி மொழியின் பெயர் பெர்ல். தூத்துக்குடி முத்தா என்று கேட்டேன். "அந்த முத்துதான். ஆனா இங்கிலீஷ்ல எழுதும்போது இதுல ஒரு எழுத்து விழுந்துட்டு" என்றார். அன்றைக்கு ரெண்டு பேரும் சிரித்தோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

என் மூத்தவள் கோமதிக்கு அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் பள்ளிக்கூட வாத்தியார். அப்பா சர்க்கார் உத்தியோகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல சைவக் குடும்பம். பெண் பார்த்தார்கள், பிடித்தது. கோமதிக்கும் பிடித்திருந்தது என்பதை, அவள் அன்றைக்குப் பாத்திரம் கழுவின சத்தத்திலேயே தெரிந்துகொண்டோம். கையால் எழுதின ஜாதகத்தைக் கொடுத்தேன். பிறந்தபோதே பாளையங்கோட்டை ஜோசியர் ஒருவர் எழுதினது. துலா லக்னம். செவ்வாய் ஆறாம் இடம். தோஷம் கிடையாது.

பையனின் அப்பாவுக்குக் கையெழுத்து ஜாதகத்தில் நம்பிக்கை இல்லை. "ஜோசியன் ஆளுக்கொண்ணு சொல்லுவான் வே. மிஷினு யார் வீட்டுச் சோத்தைத் திங்குது? உம்ம மாடியிலயேதான் கம்ப்யூட்டர் ஜாதகம் போடுதாங்களே, ஒண்ணு எடுத்து அனுப்பும்" என்றார். எனக்கென்ன பயம்? மறுநாள் காலையிலேயே மாடிக்குப் போனேன். டீச்சர் அன்றைக்கு லீவு. அவருடைய அம்மாவுக்குத் திதி கொடுக்கப் பாபநாசம் போயிருந்தார். முதலாளியே உட்கார்ந்து தட்டி, அச்சடித்து, உறையில் போட்டுக் கொடுத்தார். நான் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. உறைக்குக் குங்குமம் வைத்து அனுப்பிவிட்டேன்.

அடுத்து பையனின் அப்பா வந்தது என் கடை வாசலுக்கு. கடையில் நாலு பேர் நின்று சாமான் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அச்சடித்த தாளைத் தட்டின் மேல் போட்டார்.

"என்னவே இது? கையால எழுதுனதுல துலாம். மிஷினு கன்னிங்கு. கன்னின்னா செவ்வாய் ஏழுல நிக்காம்வே. ஏழுல! எம் மவன் உசிருக்கு யாருவே பதில் சொல்லுததுக்கு?"

"அப்படி இருக்காதே அண்ணாச்சி" என்றேன்.

"இருக்காதா? உம்ம மாடியில, உம்ம கண்ணு முன்னால எடுத்தது. ஜாதகத்தை மாத்தி எழுதி வச்சிருக்கீரு. விபூதி மடிக்குத கை செய்யுத வேலையாவே இது?"

சாமான் வாங்க வந்தவர்கள் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் போகும்போது கடைசியாகச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை கல்லிடைக்குறிச்சியில வேற இடத்துக்குப் பூ வைக்கப் போறோம். இனிமே நம்ம வீட்டுப் பக்கம் வர வேண்டாம்."

ஜாதகம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பிறந்த நேரத்தையும் பிறந்த ஊரையும் வைத்துத்தான் லக்னம். அந்த லக்னத்தைத்தான் ஒன்று என்று வைத்து மற்ற வீடுகளை எண்ணுவார்கள். லக்னம் ஒரு கட்டம் பின்னால் போனால், ஆறில் நின்ற செவ்வாய் ஏழில் நின்றதாகிவிடும். ஏழாம் இடம் கட்டினவன் இடம். பெண்ணுக்கு அங்கே செவ்வாய் என்றால் எங்கள் பக்கத்தில் யாரும் துணிய மாட்டார்கள். அதுகூடப் பெரிதில்லை, தோஷ ஜாதகத்துக்குத் தோஷ ஜாதகம் தேடிக்கொள்ளலாம். மறைத்தான், மாற்றி எழுதினான் என்று பெயர் வந்துவிட்டால்? கோமதிக்குப் பின்னால் இன்னொருத்தி இருந்தாள்.

டவுணில் ஒரு வயசான ஜோசியரிடம் ஓடினேன். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, "துலாத்துல ஆரம்பப் பாகை. வாசப்படியில நிக்கு. நான் துலாம்னுதான் சொல்லுவேன். ஆனா மிஷினுக்கு எதிரா எழுதிக் குடுக்கச் சொல்லாதீரும்" என்று கையை விரித்தார்.

வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. கோமதி அடுப்படி வாசலில் நின்று, தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"அப்பா, நீங்க மாத்தி எழுதச் சொன்னியளா?"

அந்த மனுஷன் கடை வாசலில் நின்று சொன்னதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. "இல்லம்மா" என்றேன். நெல்லையப்பன்மேல் சத்தியம் பண்ணலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. பெற்ற மகளிடம் சத்தியம் பண்ணித்தான் நம்ப வைக்க வேண்டும் என்றால், அப்புறம் நான் இத்தனை வருஷம் பூசின விபூதி எதற்கு என்று அடக்கிக்கொண்டேன். அவள் தலையை ஆட்டினாள். நம்பினாளா என்று தெரியவில்லை.

மறுநாள், புதன்கிழமை, டீச்சர் வந்ததும் மாடிக்குப் போனேன். ரெண்டு ஜாதகத்தையும் அவர் மேஜையில் வைத்தேன். அவர் ரெண்டையும் பார்த்தார். என்னைத் தேற்றவில்லை. முதலாளியின் பக்கம் திரும்பினார்.

"சார், இதை எங்கன நின்னு ஓட்டுனிய?"

முதலாளிக்கு வந்ததே கோபம். "எங்கன நின்னா என்ன டீச்சர்? கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துதான் ஓட்டுனேன். பின்ன மொட்டை மாடியில நின்னா ஓட்டுவாக?"

டீச்சர் உட்கார்ந்து பிறந்த தேதி, நேரம், ஊர் எல்லாம் தட்டினார். திரையில் கட்டம் வந்தது. துலாம்.

எனக்கு அப்படியே தரையில் விழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது. முதலாளி கையைத் தட்டினார். "முடிஞ்சுதுல்லா! இதை அச்சடிச்சுக் குடுத்துருவோம். முன்ன வந்தது ஏதோ கரண்ட்டு ஏறி இறங்குனதுல வந்திருக்கும்."

டீச்சர் எழுந்திருக்கவில்லை.

"ஒரே புரோகிராம். ஒரே நேரம், ஒரே ஊரு. அன்னைக்குக் கன்னி, இன்னைக்குத் துலாம். ஏன் மாறுச்சுன்னு தெரியாம இதைக் குடுத்தா, இதுவும் பொய்தான் சார்."

கிடைத்ததையும் இந்த அம்மா தட்டிவிடுகிறாரே என்று மனசுக்குள் திட்டினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

"நீங்க அன்னைக்கு வந்ததுலயிருந்து என்னென்ன செய்தியளோ, ஒண்ணு விடாம அப்படியே செய்யுங்க" என்று எழுந்து இடம் கொடுத்தார்.

முதலாளி முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தார். "முதல்ல சிங்கப்பூர் ஜாதகம் ஒண்ணு போட்டேன். அந்த அறைக்குள்ள போயி..." நம் பக்கத்து ஆட்கள் சிங்கப்பூரில் அநேகம் பேர் உண்டே, அங்கே பிறந்த பிள்ளைகளுக்காக டீச்சர் கம்ப்யூட்டருக்குள் தனியாக ஓர் அறை ஒதுக்கி வைத்திருந்தார். "அது முடிஞ்சதும் இவரு வந்தாரு. நான் அங்கன இருந்துக்கிட்டே நம்ம உள்ளூர் புரோகிராமை, அது உள்ளூர் அறையில இருக்குன்னு முழு விலாசம் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்கதான டீச்சர் எப்பவும் முழுசா சொல்லணும்பிய!" என்று தட்டினார்.

கன்னி.

டீச்சர் குனிந்து, தான் எழுதின புரோகிராமைத் திரையில் கொண்டுவந்தார். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிக்கொண்டே வந்தது. ஒரு வரியில் நின்றது. விரல் அங்கேயே இருக்க, பக்கத்து நாற்காலியில் பைய உட்கார்ந்தார்.

"இங்கனன்னு எழுதியிருக்கேன் அண்ணாச்சி" என்றார்.

எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். ஊரின் இருப்பிடக் கணக்கெல்லாம் ஊர்க் கோப்பு என்று ஒன்றில் இருந்தது. உள்ளூர் அறையில் ஓர் ஊர்க் கோப்பு, அதில் திருநெல்வேலிக் கணக்கு. சிங்கப்பூர் அறையில் அதே பெயரில் இன்னொன்று, அதில் சிங்கப்பூர்க் கணக்கு. புரோகிராமில் டீச்சர் ஒரு புள்ளியும் ஒரு சாய்கோடும் போட்டு, பக்கத்தில் கோப்பின் பெயரை எழுதியிருந்தார். புள்ளி என்றால் 'இங்கன' என்று அர்த்தமாம். இங்கன இருக்கிற ஊர்க் கோப்பைத் திற.

"புரோகிராம் எழுதும்போது நான் நினைச்ச இங்கன, புரோகிராம் குடியிருக்குத அறை" என்றார் டீச்சர். "ஆனா அதுக்கு இங்கனன்னா, கூப்பிட்டவரு நிக்குத அறை. உள்ளூர் அறையில நின்னு கூப்பிடுத வரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். நான் எப்பவும் அங்கன நின்னுதான் கூப்பிட்டேன். சார் சிங்கப்பூர்ல நின்னு கூப்பிட்டாக. பேரு ஒண்ணா இருந்ததுனால அது தடுமாறாம அங்கன உள்ள கோப்பை எடுத்துக்கிட்டு. கோப்பு இல்லைன்னாலாவது கத்தியிருக்கும்."

நாம் தட்டுகிற ஊர்ப் பெயர் தலைப்பில் அச்சடிக்க மட்டும்தானாம், அதனால் காகிதத்தில் திருநெல்வேலி என்றுதான் இருந்தது. என் மகள் மட்டும் கணக்கில் சிங்கப்பூரில் பிறந்துவிட்டாள். வாசப்படியில் நின்ற லக்னம் ஒரு கட்டம் பின்னால் போய்விட்டது.

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

"டீச்சர், கோவப்படாம கேளுங்க. அந்த வரியைத் திருத்திருங்க. அண்ணாச்சி மகளுக்குச் சரியான ஜாதகம் குடுத்துருவோம். அவுகட்ட மிஷின்ல மை சரியில்லைன்னு சொல்லிக்கிடலாம். புரோகிராமே தப்புன்னு வெளிய போச்சுன்னா, இந்தப் படியில எவன் ஏறுவான்?"

"மை சரியில்லைன்னா லக்னம் மாறுமா சார்? அந்தப் பெரியவரு உடனே கண்டுபிடிச்சிருவாரு. இவுக பேச்சைக் கேட்டு நாம மாத்திட்டோம்னுதான் நினைப்பாரு. அண்ணாச்சி மேல விழுந்த பழி ரெண்டு மடங்காயிரும்." பையை எடுத்துத் தோளில் மாட்டினார். "தப்பு என்னது. நானே போயி சொல்லுதேன்."

அம்பாசமுத்திரம் பஸ்ஸில் நானும் அவரும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்திருந்தோம். நான் மனசுக்குள் அஞ்செழுத்து சொல்லிக்கொண்டே வந்தேன். சேரன்மாதேவி தாண்டினதும், ஜன்னலைப் பார்த்தபடியே டீச்சர் சொன்னார்: "எல்லாரையும் கேட்டேன் அண்ணாச்சி. என்னையக் கேக்கலை."

அந்த வீட்டில் எங்களை உட்காரச் சொல்லவில்லை. டீச்சர் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். பெரியவர் ஊஞ்சலில் இருந்தபடி கேட்டார்.

"ஏம்மா, பொண்ணு வீட்டுக்காரரே கையோட உன்னையக் கூட்டிட்டு வந்திருக்காரு. நீ சொல்லுததை நான் எதை வச்சு நம்ப?"

"நம்ப வேண்டாம். நாளைக்கு வண்ணார்பேட்டைக்கு வாங்க. உங்க சொந்த ஜாதகத்தையே போட்டுப் பாருங்க. கட்டம் உங்களுக்கு மனப்பாடமா இருக்கும். நீங்களே தட்டுங்க, நான் விசைப்பலகையைத் தொட மாட்டேன்."

உள்ளேயிருந்து பையனின் குரல் கேட்டது: "போய்ப் பாருங்கப்பா."

வியாழக்கிழமை அவர் வந்தார். மாடிப்படியில் என்னைத் தாண்டி ஏறினார், திரும்பிப் பார்க்கவில்லை. மறுநாள்தான் கல்லிடைக்குறிச்சி. டீச்சர் திருத்தாமல் வைத்திருந்தார். தப்பு இருக்கும்போதே அதைக் காட்ட வேண்டும் என்றார்.

பெரியவர் ஒற்றை விரலால் தட்டினார். உள்ளூர் அறையில் நின்று கூப்பிட்டபோது விருச்சிக லக்னம் வந்தது. "சரி" என்றார். அதுதான் அவருடையது. அடுத்து சிங்கப்பூர் அறைக்குப் போய், அங்கே நின்று கூப்பிட்டார். கட்டம் வந்தது.

விருச்சிகம்.

முதலாளி சுவரைப் பார்த்தார். பெரியவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "என்னமா கதை விட்டிய ரெண்டு பேரும்! ரெண்டுலயும் ஒண்ணுதான வருது?"

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். "கட்டத்தைப் பாக்காதீங்க. அடியில பாகை போட்டிருக்கும். ரெண்டு தடவையும் வந்த பாகையைப் பாருங்க."

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். முதலில் வந்ததையும் மறுபடி போட்டுப் பார்த்தார். பத்துப் பாகைக்கு மேல் வித்தியாசம். அவர் லக்னம் ராசியின் கடைக்கோடியில் இருந்ததால், பின்னால் நகர்ந்தும் கட்டம் தாண்டவில்லை. வாசப்படியில் நின்றது என் மகள்தான்.

பெரியவர் வெகுநேரம் திரையையே பார்த்தார். சர்க்கார் ஆபீசில் தாள் பார்த்துப் பழகின கண். "அப்ப நான் சிங்கப்பூர்ல பொறந்திருக்கேன்" என்றார். யாரும் சிரிக்கத் துணியவில்லை. அவரே கொஞ்சம் சிரித்தார். உடனே முகம் மறுபடி இறுகிற்று.

"நீ எழுதுனதுல ஒரு தப்பு இருந்துச்சு. திருத்துனதுக்கு அப்புறம் சரின்னு எப்படி நம்புததுக்கு?"

"நியாயமான கேள்வி" என்றார் டீச்சர். பெரியவர் முன்னாலேயே உட்கார்ந்து திருத்தினார். புரோகிராமிடம் உன் பெயர் என்ன என்று கேட்கலாமாம். ஆனால் எப்படிக் கூப்பிட்டோமோ அதையேதான் திருப்பிச் சொல்லுமாம், பாதிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பாதிப் பெயர்தான். அது போதாது. தான் குடியிருக்கிற அறையை மூலத்திலிருந்து முழுசாகக் கண்டுபிடித்துச் சொல்ல, பெர்லோடேயே ஒரு துண்டு வருகிறது. ஃபைண்ட்பின் என்று பெயர். அதைச் சேர்த்தார். புள்ளியை எடுத்துவிட்டு, அது சொல்லும் இடத்தைப் போட்டார். மூலஸ்தானத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு பிரகாரமாக வெளியே வந்து, இன்ன மண்டபத்தில் இன்ன தூணடியில் இருக்கிறேன் என்று சொல்வதுபோல என்று நான் புரிந்துகொண்டேன். இனி யார் எந்த வாசலில் நின்று கூப்பிட்டாலும் அது தன் அறையில் உள்ள கோப்பைத்தான் திறக்கும்.

"இப்ப எங்கன வேணாலும் போயி நின்னு கூப்பிடுங்க" என்றார்.

பெரியவர் விடவில்லை. கோமதியின் நேரத்தைத் தட்டினார். உள்ளூர் அறையிலிருந்து கூப்பிட்டார். சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டார். பாடம் படிக்கிறவர்களின் அறையிலிருந்து, எதற்கென்றே தெரியாத ஏதேதோ அறைகளிலிருந்து கூப்பிட்டார். ஒவ்வொரு தடவையும் திரை ஒரு கணம் கறுப்பாகி நிற்கும், அந்த ஒரு கணமும் எனக்கு உயிர் போய் வரும். துலாம். துலாம். துலாம்.

கடைசியில் எழுந்தார். என் பக்கம் திரும்பினார். "கீழ வாரும்" என்றார். படியிறங்கி, என் கடை வாசலுக்குப் போய், முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "இங்கன நின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன் அண்ணாச்சி. அது தப்பு. இங்கன நின்னே திருப்பி எடுத்துக்கிடுதேன். வெள்ளிக்கிழமை உம்ம வீட்டுக்குப் பூ வைக்க வாரோம்."

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் வீட்டுக்காரி சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். கோமதி என் பக்கத்தில் வந்து, "நான் உங்களைக் கேட்டிருக்கக் கூடாதுப்பா" என்றாள். "கேட்டதுதான்மா சரி. மனசுல வச்சுக்கிட்டு இருந்திருந்தா நான் தாங்கியிருக்க மாட்டேன்" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. ஆனால் டீச்சர் அதோடு நிறுத்தவில்லை. எத்தனை பேருக்கு இப்படி வேறு அறையில் நின்று கூப்பிட்டு ஜாதகம் போட்டோம் என்று முதலாளிக்கே ஞாபகம் இல்லை. டீச்சர் ஓர் அட்டையில் எழுதி மாடிப்படியில் தொங்கவிட்டார்: "இங்கே ஜாதகம் எடுத்தவர்கள் மறுபடி வந்து சரிபார்த்துக்கொள்ளவும். தவறு எங்களுடையது." முதலாளி கழற்றினார். அவர் மறுபடி மாட்டினார். முதலாளி மறுபடி கழற்றினதும், என் கடை முகப்பில் மாட்டிக்கொள்ளலாமா என்று கேட்டார். மாட்டினேன். ஆட்கள் வந்தார்கள். சிலர் கத்தினார்கள். கல்யாணமாகிச் சில மாசமே ஆன ஒருவன் பெண்டாட்டியோடு வந்து, புது ஜாதகத்தைப் பிரிக்காமலேயே சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "எங்களுக்கு எல்லாப் பொருத்தமும் வந்துட்டு டீச்சர்" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்த வருஷமே சென்டரில் டீச்சருக்கு வேலை இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாளில் அவர்கள் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

அப்புறம்தான் பேச்சு கிளம்பிற்று. சம்பந்தி நல்லவர், வாக்கு மாறவில்லை. அவருடைய சொந்தபந்தங்கள் அப்படியில்லை. பெண் வீட்டில் பட்டுச்சேலை வாங்கிக்கொண்டு அந்த டீச்சர் ஜாதகத்தை மாற்றிக் கொடுத்தாள் என்று ஒரு கதை. கோமதி அந்த வீட்டு விசேஷங்களில் இதைக் காதில் வாங்கிக்கொண்டே பரிமாறியிருக்கிறாள். எங்கள் பக்கத்து ஆட்கள் அதற்குப் பதிலாக இன்னொரு கதை கட்டினார்கள்: டீச்சர் எழுதினது சுத்தம், முதலாளிதான் கெடுத்தார், டீச்சர் வந்து கண்டுபிடித்தார் என்று. பாசத்தில் சொல்கிறார்கள். எனக்கு முதல் கதையைவிட இதுதான் அதிகம் வலிக்கிறது.

படிக்கிறவர்கள் இதை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம் என்றால் அதையும் விட்டுவிடுங்கள். நெல்லையப்பன் அற்புதம் பண்ணினார் என்று சேர்க்காதீர்கள், அவருக்கு என் சாட்சி தேவையில்லை. ஆனால் டீச்சர் தப்பாக எழுதியிருந்தார் என்பதை மட்டும் யாருக்காகவும் எடுத்துவிடாதீர்கள். அந்த வரி அவர் எழுதினது. அதை யாரும் கேட்காமலேயே நாலு பேர் முன்னால் சொன்னதும் அவர்தான். ரெண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.